பொறி பிறக்கும் வேளை

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மேற்கு வர்ஜீனியா மலைகள் மிகுந்த மாநிலம். அம்மாநிலத்துச் சாலை ஒன்றில், உலர்ந்த புற்கட்டுகளை ஏற்றிக்கொண்டு உழவர் ஒருவர் தம் சிறிய லாரியில் செல்வதாகக் கொள்க. அது 1989ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஃபோர்டு எஃப்-150 வண்டி. எட்டுச் சிலிண்டர்களும் 5 லிட்டர் கொள்ளளவும் உடைய பெட்ரோல் என்ஜினால் இயங்குவது. சமநிலத்தில் அமைதியாக ஓடிய அவ்வண்டி, மேடேறத் தொடங்கியதும் ஒருவகை ஒலியை எழுப்புகிறது. தகரப் பெட்டியில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஒலி அது. உழவர் ஆக்சிலேட்டர் மிதியைச் சற்றே தளர்த்துகிறார், ஒலி அடங்குகிறது. மீண்டும் அழுத்துகிறார், மீண்டும் எழுகிறது. காதை மூடிக்கொண்டு நாள்தோறும் இவ்வாறே ஓட்டி வந்தால், என்றேனும் ஒருநாள் பிஸ்டன் பிளந்துபோகும். அவ்வளவு பழைய வண்டியில் என்ஜின் கெட்டால், அதனைப் புதுப்பிக்கும் செலவு வண்டியின் விலையையே விஞ்சிவிடக்கூடும்.

இவ்வொலிக்குக் காரணங்கள் பல. தரம் குறைந்த பெட்ரோலாக இருக்கலாம். சிலிண்டருக்குள் கரி படிந்திருக்கலாம். என்ஜின் அளவுக்கு மேல் சூடேறியிருக்கலாம். ஆயினும், தேர்ந்த மெக்கானிக்குகள் தொடக்கத்திலேயே ஆராய்ந்துவிடுவது ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் மின்பொறி உரிய வேளையில் பிறக்கின்றதா என்பதே அது. இதனைப் பட்டறைகளில் இக்னிஷன் டைமிங் என வழங்குவர். ஆராய்வதற்குக் கால் மணி நேரமும் வேண்டுவதில்லை. ஆனால், கணிப்பொறியால் ஆளப்படும் என்ஜினில் அக்கால் மணி நேர வேலையைத் தவறாகச் செய்வது மிக எளிது.

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் பெரிய லாரிகளில் பெரும்பாலானவை டீசலால் இயங்குபவை. டீசல் என்ஜினில் மின்பொறிக்கு வேலை இல்லை. நெருக்கப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயைப் பற்றவைத்துவிடும். அமெரிக்க உழவர்களும் தச்சர்களும் கையாளும் சிறிய லாரிகளோ பெரும்பாலும் பெட்ரோலால் ஓடுபவை. அங்கே பொறி இன்றேல் தீ இல்லை. தீ இன்றேல் ஓட்டம் இல்லை.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் புகுகின்றது. பிஸ்டன் மேலே வந்து அக்கலவையை நெருக்குகின்றது. அப்போது ஸ்பார்க் பிளக்கின் முனையில் ஒரு பொறி தோன்றுகின்றது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. மறுமுறை பிஸ்டன் மேலே வரும்போது எரிந்த புகை வெளியேறுகின்றது. இவ்வாறு நான்கு வீச்சுகளில் இயங்கும் என்ஜினை ஜெர்மனி நாட்டவரான நிக்கொலாஸ் ஓட்டோ 1876ஆம் ஆண்டில் செய்து ஓட்டிக் காட்டினார். பிஸ்டன் மேலும் கீழும் செல்ல, அதனோடு பிணைந்த கிராங்க் தண்டு சுழல்கின்றது. நான்கு வீச்சுகளும் முடிவதற்குள் அத்தண்டு இருமுறை சுற்றி வந்துவிடும்.

பிஸ்டன் உச்சிக்கு வரும் அதே கணத்தில் பொறி பிறந்தால் போதாதா? போதாது. தீ ஓரிடத்தில் பற்றி எல்லா இடத்துக்கும் பரவச் சிறிது காலம் வேண்டும். அக்காலம் ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் இரண்டு மூன்று பங்கே ஆகும். கண்ணிமைக்கும் நேரத்தைக் காட்டிலும் மிகச் சிறிய பொழுது. ஆனால் சுழலும் தண்டுக்கு அது சிறிய பொழுதன்று. தண்டின் ஒரு முழுச் சுற்று 360 பாகை. நிமிடத்துக்கு 600 முறை சுற்றும்போது, தண்டு நொடிக்கு 10 சுற்று, அதாவது 3,600 பாகை திரும்புகின்றது. ஆகவே, நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரத்துக்குள் 7 பாகைக்குச் சற்று மேலாகத் திரும்பியிருக்கும். நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினாலோ, அதே பொழுதுக்குள் 36 பாகை திரும்பிவிடும். வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் கலவை கொந்தளித்துச் சுழல்வதால், தீயும் முன்னிலும் விரைந்து பரவும் என்பது உண்மையே. ஆயினும் அவ்விரைவு மட்டும் கணக்கை நேர்செய்துவிடாது. எனவே, பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சில பாகைகள் முன்னதாகவே பொறி பிறக்க வேண்டும். வேகம் கூடக் கூட, இன்னும் முன்னதாகப் பிறக்க வேண்டும். எத்தனை பாகை முன்னதாகப் பிறக்கின்றதோ, அதனை முந்துகை எனலாம்.

ஊஞ்சல் ஆட்டுவோர் இதன் நுட்பத்தை அறிவர். ஊஞ்சல் தம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் கை நோகும், ஊஞ்சலும் தடுமாறும். அது வெகுதூரம் போன பின் கையை நீட்டினால் தள்ளுதல் வீணாகும். வந்து, நின்று, திரும்பும் அக்கணத்தை ஒட்டித் தள்ளினால்தான் ஊஞ்சல் உயரும். என்ஜினிலும் அப்படியே. எரியும் வாயுவின் அழுத்தம், பிஸ்டன் உச்சியைக் கடந்து ஏறத்தாழ 15 பாகை சென்ற நிலையில் மிகுந்து நிற்குமாயின், அதன் விசை நன்கு பயன்படும். பொறி மிக முந்திவிட்டால், மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனைத் தீ எதிர்த்து நெருக்கும். அந்நெருக்கத்திலும் வெப்பத்திலும், இன்னும் எரியாமல் ஒதுங்கியிருந்த கலவை தானாகவே ஒருங்கே வெடிக்கும். மேட்டில் உழவர் கேட்ட கூழாங்கல் ஒலி அவ்வெடிப்பின் ஒலியே. பொறி மிகப் பிந்திவிட்டாலோ, பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் புகைக்குழாய் வழியே வெளியே போய்விடும். வண்டி இழுக்காது, பெட்ரோல் மட்டும் கரையும், புகைக்குழாய் கொதிக்கும்.

தொடக்கக் காலத்துக் கார்களில் இவ்வேளையைக் குறிக்கும் பொறுப்பு ஓட்டுவோரிடமே இருந்தது. 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரில், ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழே இரண்டு சிறு நெம்புகோல்கள் இருந்தன. வலப்புறத்தது வேகத்துக்கு; இடப்புறத்தது பொறியின் வேளைக்கு. ஓட்டுவோர் என்ஜினின் ஓசையைக் கேட்டு இடக்கை நெம்புகோலைத் தாமே மேலும் கீழும் நகர்த்தினர். காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி என்ஜினைக் கிளப்புமுன், அந்நெம்புகோலைப் பிந்திய நிலையில் வைத்தாக வேண்டும். மறந்தவர் நிலை இரங்கத்தக்கது. பிஸ்டன் உச்சியை எட்டுமுன்னே கலவை பற்றிக்கொள்ள, கைப்பிடி எதிர்ப்புறமாகத் திரும்பி அடிக்கும். இவ்வாறு மணிக்கட்டு முறிந்தோர் அந்நாளில் பலர்.

பின்னர் இப்பொறுப்பு ஓட்டுவோர் கையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் கருவிக்கு மாறிற்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்புவது அதன் வேலை. அதனுள் இரண்டு சிறிய எடைகள் சுருள்வில்லால் கட்டப்பட்டிருந்தன. சுழற்சி மிகும்போது அவை விலகிச் சென்று முந்துகையைக் கூட்டின. என்ஜினின் சுமைக்கேற்ப இழுபடும் மெல்லிய சவ்வு ஒன்றும் அதற்குத் துணை நின்றது. எளிய, நம்பத்தக்க அமைப்பு அது. ஆயினும் எடையும் வில்லும் அறிந்தவை மிகச் சிலவே. காற்று சூடாக உள்ளதா, என்ஜின் குளிர்ந்து கிடக்கின்றதா என்பவை அவற்றுக்குத் தெரியா. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் வண்டிப் புகைக்குக் கடுமையான வரம்பு விதித்தபோது, அவ்வளவு குறைந்த அறிவு போதாதாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1977ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ காரிலும், ஃபோர்டு 1978ஆம் ஆண்டின் லிங்கன் வெர்சேல்ஸ் காரிலும் பொறியின் வேளையைச் சிறு கணிப்பொறியிடம் ஒப்படைத்தன. அடுத்த பத்தாண்டுகளில் அம்முறை சிறிய லாரிகளுக்கும் பரவிற்று. உழவரின் லாரியிலும் அத்தகைய கணிப்பொறி ஒன்று உண்டு.

தமிழில் பொறி என்னும் சொல் தீத்துளியையும் குறிக்கும், இயந்திரத்தையும் குறிக்கும், கண், செவி முதலிய புலன்களின் வாயில்களையும் குறிக்கும். இம்மூன்றும் இந்த என்ஜினில் ஒன்றுகூடுகின்றன. கணிப்பொறிக்குச் சில உணர்பொறிகள் துணை. என்ஜினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை ஒன்று கூறும். உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை மற்றொன்று கூறும். காற்றின் அழுத்தம், மிதி அழுத்தப்பட்ட அளவு, புகையில் எஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றை வேறு சில கூறும். இச்செய்திகளைக் கணிப்பொறி தன் நினைவிலுள்ள அட்டவணைகளோடு ஒப்பிட்டு, அடுத்த பொறி எத்தனை பாகை முந்த வேண்டும் எனக் கணக்கிடும். எட்டுச் சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 600 முறை சுற்றும்போதே நொடிக்கு 40 பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கணிப்பொறி வேளை குறித்தாக வேண்டும்.

ஆயினும், கணிப்பொறி பிஸ்டனைக் கண்டதில்லை. பிஸ்டன் எங்கே உள்ளது என்பதை அது பிறர் சொல்லக் கேட்டே அறிகின்றது. சொல்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஓர் உணர்பொறி. அங்கே சாளரங்கள் வெட்டப்பட்ட கிண்ணம் ஒன்று தண்டோடு சுழல்கின்றது. கிண்ணச் சுவரின் ஒரு புறத்தில் காந்தம். மறுபுறத்தில், எட்வின் ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் 1879இல் கண்டறிந்த விளைவைக் கொண்டு காந்தப் புலத்தை உணரும் சிறு கருவி. கிண்ணத்தின் தகடு இடையே வரும்போது காந்தப் புலம் மறைகின்றது. சாளரம் வரும்போது வெளிப்படுகின்றது. இம்மாற்றம் ஒவ்வொன்றும் கணிப்பொறிக்கு ஒரு செய்தி. உழவரின் என்ஜினில், அச்செய்தி பிஸ்டன் உச்சிக்கு 10 பாகை முன்னால் இருக்கும்போது வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. கணிப்பொறி அதனை அப்படியே நம்பி, அங்கிருந்தே எண்ணத் தொடங்குகின்றது. இந்த 10 பாகையே அடிப்படை முந்துகை.

டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை இப்புறமும் அப்புறமும் சற்றே திருப்ப முடியும். திருப்பினால் செய்தி வரும் வேளை மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், உடலை மூன்று பாகை திருப்பினால் தண்டின் கணக்கில் ஆறு பாகை மாறிவிடும். வண்டிக்கு விசை கூட்டுவதாக எண்ணி இவ்வாறு திருப்பிவிடுவோர் உண்டு. உழவரின் லாரியிலும் முன்னொரு காலத்தில் யாரோ அவ்வாறு செய்து, அடிப்படை முந்துகை 10 பாகைக்குப் பதிலாக 16 பாகை ஆகியிருப்பதாகக் கொள்க. கணிப்பொறிக்கு இது தெரியாது. அது 20 பாகை வேண்டும் என நினைத்தால் 26 நிகழும். 30 வேண்டும் என நினைத்தால் 36 நிகழும். கணக்கில் பிழை இல்லை. கணக்குத் தொடங்கிய இடத்தில் பிழை.

இப்போது வண்டி ஒரு பட்டறைக்கு வருகின்றது. அங்குள்ள மெக்கானிக் பழைய வண்டிகளில் கைதேர்ந்தவர். ஆனால் சற்றே அவசரக்காரர். என்ஜின் மூடியின் அடியில் ஒட்டப்பட்டுள்ள தாளைப் படிக்கின்றார். அதில் 10 பாகை என்று அச்சிட்டிருக்கின்றது. என்ஜினை ஓடவிட்டு அளந்து பார்க்கின்றார். 26 பாகை காட்டுகின்றது. "பிழை 16 பாகை" என்று முடிவுகட்டி, 10 பாகை காட்டும் வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்குகின்றார். மேட்டில் எழுந்த ஒலி நின்றுவிடுகின்றது. உழவர் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துப் போகின்றார்.

ஆனால் நடந்தது என்ன? அவர் அளந்த 26 பாகையில் 10 பாகை கணிப்பொறி தானே கூட்டியது. 16 பாகைதான் அடிப்படை. அவர் 16 பாகையையும் கழித்துவிட்டதால் அடிப்படை இப்போது சுழியாகிவிட்டது. இருக்க வேண்டியதைக் காட்டிலும் ஒவ்வொரு பொறியும் 10 பாகை பிந்திப் பிறக்கின்றது. ஒலி இல்லை, வலிமையும் இல்லை. முன்பு எளிதாக ஏறிய மேட்டில் வண்டி திணறுகின்றது, புகைக்குழாய் கொதிக்கின்றது, பெட்ரோல் செலவு ஏறுகின்றது. முதல் குறை ஒலியெழுப்பித் தன்னைக் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் குறை ஓசையின்றி உழவரின் பணப்பையை அரிக்கின்றது. இரண்டில் எது கொடிது என்றால், இரண்டாவதையே சொல்ல வேண்டும்.

தாளில் உள்ள 10 பாகை, கணிப்பொறி வாய் திறவாதிருக்கும்போது காணவேண்டிய 10 பாகை. ஆதலால், அளப்பதற்கு முன் அதனை வாய் மூடச் செய்ய வேண்டும். இதற்கென்றே ஃபோர்டு வண்டிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. பொறியின் வேளையைக் கணிப்பொறியிலிருந்து எடுத்துச் செல்லும் கம்பியின் இடையே, விரல்நுனி அளவில் ஒரு சிறு இணைப்புச் செருகி அமைந்திருக்கும். அதனைப் பிடுங்கிவிட்டால், கணிப்பொறியின் கட்டளை பொறியை எழுப்பும் கருவிக்குப் போய்ச் சேராது. அக்கருவி டிஸ்ட்ரிபியூட்டரின் செய்தியை மட்டும் பின்பற்றி, மாறாத அடிப்படை முந்துகையில் பொறிகளை எழுப்பிக்கொண்டிருக்கும்.

முறையாகச் செய்பவர், வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடுகின்றார். கியரை விடுவித்து, என்ஜின் நன்கு சூடேறும் வரை ஓடவிடுகின்றார். விளக்குகளையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துகின்றார். பின்பு என்ஜினை நிறுத்தி, அச்சிறு செருகியைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கின்றார். சட்டைப்பையில் போட்டுக்கொள்வது நல்ல வழக்கமன்று. பிறகு அதனை மறந்துபோவோர் பலர். அடுத்து, டைமிங் லைட் என்னும் கைவிளக்கை எடுக்கின்றார். அதன் சிவப்புக் கவ்வியைப் பாட்டரியின் நேர்முனையிலும், கறுப்புக் கவ்வியை எதிர்முனையிலும் மாட்டுகின்றார். மூன்றாவது கவ்வியை முதற்சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் கம்பியின்மேல் பொருத்துகின்றார். இவ்வண்டியில் முதற்சிலிண்டர் வலப்புற வரிசையின் முன்கோடியில் உள்ளது. அக்கம்பியில் உயர் மின்னழுத்தம் பாயும் ஒவ்வொரு முறையும் கவ்வி அதனை உணர, விளக்கு ஒரு கணம் மின்னி அணையும்.

கிராங்க் தண்டின் முன்கோடியில் உள்ள சக்கரத்தின் விளிம்பில் பாகைக் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதன் அருகே என்ஜினின் உடலில் அசையாத முள் ஒன்று நிற்கின்றது. சக்கரம் சுழலும்போது கோடுகள் வெறும் பட்டையாய் மங்கித் தெரியும். ஆனால் விளக்கின் ஒளியை அதன்மேல் வீசினால் வியப்பொன்று நிகழும். சக்கரம் ஒவ்வொரு முறையும் அதே நிலைக்கு வரும்போதுதான் விளக்கு மின்னுகின்றது, இடையில் இருள். ஆகவே, சுழலும் சக்கரம் அசையாது நிற்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். முள்ளுக்கு நேரே நிற்கும் கோடு எதுவோ, அதுவே முந்துகை. இவ்வாறு இயக்கத்தை நிறுத்திக் காட்டும் வித்தையைப் பெல்ஜியம் நாட்டின் ஜோசப் பிளாட்டோவும், வியன்னா நகரின் சைமன் ஸ்டாம்ஃபரும் 1832ஆம் ஆண்டில் ஒருவரையொருவர் அறியாமலே கண்டனர். அவர்கள் பிளவுகள் கொண்ட சுழல்தட்டைப் பயன்படுத்தினர். அதே பணியை மின்னொளியால் செய்து காட்டியவர்களுள் புகழ்பெற்றவர், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்டு எட்ஜர்டன்.

இவ்வியப்பிலேயே ஓர் இடரும் உண்டு. குறியைப் போலவே அருகிலுள்ள விசிறியும் அவ்வொளியில் நிற்பதுபோலவோ மெல்ல நகர்வதுபோலவோ தோன்றக்கூடும். கண்ணை நம்பிக் கையை நீட்டினால் விரல்கள் போய்விடும். தளர்ந்த சட்டைக் கையும், தொங்கும் துணியும், நீண்ட கம்பியும் அவ்விடத்துக்கு ஆகா. மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடுவதும் ஆகாது. மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு புகையோடு வெளிவந்து உயிரைக் குடித்துவிடும்.

செருகி பிடுங்கப்பட்ட நிலையில் அளந்தபோது, முள்ளுக்கு நேரே 16ஆம் பாகை நின்றது. இப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சிறிதே தளர்த்தி, அதன் உடலை மெல்ல நகர்த்தி, 10ஆம் பாகை முள்ளுக்கு நேர் வந்ததும் மீண்டும் இறுக்க வேண்டும். இறுக்கும்போதே உடல் சற்று நகர்ந்துவிடுவது வழக்கம். ஆதலால், இறுக்கிய பின் மறுமுறை அளக்காதவர் வேலையை முடித்தவராகார்.

குறி ஓரிடத்தில் நில்லாமல் முன்னும் பின்னும் துள்ளுமாயின், அதற்கும் பொருள் உண்டு. கிராங்க் தண்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வரை அசைவைக் கொண்டு செல்லும் டைமிங் செயினோ பற்சக்கரமோ தேய்ந்து தளர்ந்திருக்கலாம். அந்நிலையில் எத்தனை முறை திருப்பினாலும் பயன் இல்லை. தேய்ந்ததை மாற்றியாக வேண்டும்.

குறியே பொய் சொல்வதும் உண்டு. அச்சக்கரம் ஒரே வார்ப்பு அன்று. அதிர்வைத் தணிக்கும்பொருட்டு, உள்வட்டுக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ரப்பர் வைத்துச் செய்யப்பட்டது. ஆண்டுகள் செல்ல ரப்பர் இறுகித் தளர்ந்தால், கோடுகள் பொறித்த வெளிவளையம் மெல்ல நழுவிவிடும். அளவுகோலே நகர்ந்துவிட்ட பின் அளவை நம்புவது எப்படி? ஐயம் எழுந்தால் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கின்றது. பாட்டரியின் கம்பியைக் கழற்றிவிட்டு, முதற்சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, அத்துளையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் முளை ஒன்றைத் திருகுவர். தண்டைக் கையால் மெல்லச் சுழற்றினால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன் முளையில் முட்டி நிற்கும். முள்ளுக்கு நேராகச் சக்கரத்தில் ஒரு குறி இடுவர். பின் தண்டை எதிர்ப்புறம் சுழற்றினால், மறுபக்கத்திலும் அதே உயரத்தில் பிஸ்டன் முட்டும். அங்கும் ஒரு குறி இடுவர். இரு குறிகளுக்கும் சரிநடுவே அமைவதுதான் உண்மையான உச்சி. வடிவ கணிதத்தில் வில்லை இருசமக் கூறிடும் பாடம் பட்டறையிலும் உதவுகின்றது.

அடிப்படை சரியான பின், என்ஜினை நிறுத்திச் செருகியை மீண்டும் பொருத்த வேண்டும். இதனை மறந்தால், மேட்டிலும் பள்ளத்திலும் வேகத்திலும் மெதுவிலும் வண்டி அதே 10 பாகையில் ஓடும். அவசர மெக்கானிக் செய்துவைத்த தீங்கை ஒத்த தீங்கு மறதியாலும் விளையும். செருகியைப் பொருத்தி, என்ஜினைக் கிளப்பி, விளக்கை மறுபடியும் வீசிப் பார்த்தால், 10இல் நின்ற குறி அவ்விடத்தை விட்டு விலகியிருக்கும். மிதியைச் சற்று அழுத்தினால் இன்னும் விலகும். கணிப்பொறி மீண்டும் பேசத் தொடங்கிற்று என்பதற்கு அதுவே சான்று. குறி அசையாது நின்றால், கம்பியோ கருவியோ பழுதுற்றிருக்கின்றது என்று தேட வேண்டும்.

எல்லா வண்டிகளுக்கும் இம்முறை பொருந்தாது. 1987 முதல் 1995 வரை வந்த செவ்ரொலே லாரிகளின் 5.7 லிட்டர் என்ஜினில், கறுப்புக் கோடிட்ட பழுப்புக் கம்பி ஒன்றின் இணைப்பைக் கழற்ற வேண்டும். அங்கே அடிப்படை முந்துகை சுழி. டொயோட்டாவின் 22ஆர்-இ என்ஜின் கொண்ட சிறிய லாரியில் எதனையும் பிடுங்க வேண்டியதில்லை. சோதனைப் பெட்டியிலுள்ள இரு முனைகளைச் சிறு கம்பியால் இணைத்தால் கணிப்பொறி ஒதுங்கிக்கொள்ளும். அங்கே அடிப்படை 5 பாகை. ஆகையால்தான் என்ஜின் மூடியின் அடியில் அத்தாளை ஒட்டி வைக்கின்றனர். பல வண்டிகளில் எண்ணெய்ப் புகையேறி அது படிக்க இயலாதவாறு மங்கிக் கிடக்கும். துடைத்துப் படிக்கும் பொறுமை சிலருக்கே உண்டு.

பிற்காலத்து லாரிகளில் இவ்வேலைக்கே இடமில்லாமற் போயிற்று. 1996ஆம் ஆண்டு மாதிரி முதல், அமெரிக்காவில் விற்கும் கார்களிலும் சிறிய லாரிகளிலும் ஒரே வகையான சோதனை இணைப்பு இருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. அதில் ஒரு கருவியைப் பொருத்தினால், முந்துகை எத்தனை பாகை என்பதைக் கணிப்பொறியே எண்ணால் காட்டும். 1997ஆம் ஆண்டு மாதிரியாக வந்த புதிய எஃப்-150 வண்டியின் எட்டுச் சிலிண்டர் என்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. திருப்புவதற்கும் ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாகக் கிராங்க் தண்டிலேயே ஒரு பற்சக்கரம் பொருத்தப்பட்டுள்ளது. சமமான இடைவெளியில் 36 பற்களுக்கு அதில் இடம் உண்டு. ஆனால் இருப்பவை 35. இல்லாத அந்த ஒரு பல்லின் இடைவெளி உணர்பொறியைக் கடந்து செல்லும்போதுதான், தண்டு எந்நிலையில் நிற்கின்றது என்பதைக் கணிப்பொறி அறிந்துகொள்கின்றது.